குருசடைத் தீவுக்கு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்தால்? ஊட்டி இ-பாஸ் பார்த்தவர்கள் சொல்லுங்க

#1 ஈரோடு வேன்காரர்

வணக்கமுங்க. ஈரோட்டில் சுற்றுலா வேன் வைத்து ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் ராமேஸ்வரம் நடைதான் அதிகம். முன்பு கோயில், தீர்த்தம், அரிச்சல்முனை, பேக்கரும்பில் கலாம் ஐயா நினைவிடம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். இப்போது போனில் வீடியோ பார்த்துவிட்டு, "குருசடைத் தீவுக்குப் படகு விடறாங்களாமே, அதையும் சேர்த்துக்குங்க" என்று கேட்காத குடும்பம் இல்லை.

படகு விடுவது வனத்துறைதான், பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவு. மற்றதில் எல்லாம் நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. அதனால் எல்லாரும் இந்த ஒன்றைத்தான் கேட்பார்கள். ஊட்டிக்கு வைத்த மாதிரி "ஒரு நாளைக்கு இத்தனை பேர்" என்று கடலுக்கும் கணக்கு வைத்தால் நல்லதா? அந்தக் கணக்கை யார், எதை வைத்துப் போடுவார்கள்? ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிப் போய், இருபது பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் சீட்டு என்றால் மிச்சம் எட்டுப் பேருக்கு நான் என்ன பதில் சொல்வது?

கடல் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்க. பொழப்புக் கெடுமோ என்ற பயத்தில்தான் கேட்கிறேன் என்று நினைத்தாலும் சரி, அதுவும் உண்டு.

#2 மேட்டுப்பாளையம் பேக்கரி

அண்ணா, இ-பாஸ் கதையை எங்கள் கடை வாசலில் உட்கார்ந்தால் முழுசாகப் பார்க்கலாம். மலைக்கு வண்டி ஏற இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு அது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் வந்தது. முதல் வருடம் அதில் வரம்பே கிடையாது. யார் கேட்டாலும் பாஸ். "அப்புறம் எதுக்கு இது?" என்று எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு முன்னால் மலைக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்று யாரிடமும் சரியான கணக்கு இல்லை, அந்தக் கணக்கு கிடைத்ததே பெரிய விஷயம் என்பது என் கட்சி. அதற்குப் பிறகுதான் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று நிறுத்தினார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் விலக்கு. ஏப்ரல் 2-ம் தேதி நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பே செய்தார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. எண்ணுவது வண்டியை. உங்கள் வேனில் இருபது பேர் போனாலும் ஒன்று, ஒரு காரில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் போனாலும் ஒன்று. சாலை நெரிசலைக் குறைக்க அந்தக் கணக்கு சரி. மலையில் தண்ணீரும் குப்பையும் ஆளைப் பொறுத்தது, அதற்கு அது சரியில்லை. தீவுக்கு அளவு வைக்கிறவர்கள் முதலில் எதை எண்ணுகிறோம் என்று முடிவு பண்ணட்டும்: படகையா, ஆளையா, ஆள் அங்கே நிற்கிற நேரத்தையா?

இன்னொன்று. இங்கே அடைத்தால் கூட்டம் வீட்டிலேயே உட்காராது. வால்பாறைக்குத் திரும்பும், ஏற்காட்டுக்குத் திரும்பும். 2025 நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, பார்த்தீர்களா?

#3 நொய்யல்கரை

கடலே இல்லாத கொங்குநாட்டில் உட்கார்ந்து தீவுக்கு அளவு வைக்கிறோம். நல்லா இருக்குங்க 😄

#4 மேட்டுப்பாளையம் பேக்கரி

கடல் இல்லாததால்தான் கடலுக்குப் போகிறோம். அங்கே சேருகிற கூட்டத்தில் பாதி நம்ம ஜனம்தானே? நம்பர் பிளேட்டைப் பாருங்க.

#5 பொள்ளாச்சி முத்துக்குளிப்பான்

பெயர் சும்மா வைத்ததுங்க, முத்தெல்லாம் எடுத்ததில்லை. அந்தமானில் ஸ்கூபா வழிகாட்டியாக வேலை பார்த்தேன், இப்போது ஊரில் தென்னை பார்க்கிறேன். வேன்கார அண்ணன் கேட்டதற்கு நேராக வருகிறேன்.

ஆள் போவதால் பவளத்துக்கு என்ன ஆகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளணும். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் மேல் தோல் முழுக்க உயிர். குண்டுப் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கிளைப் பவளம் வேகமாக வளரும், ஒடிவதிலும் அதுதான் முதல். நீந்தத் தெரியாதவர் பயந்தால் செய்கிற முதல் காரியம், கீழே எது கிடைத்தாலும் அதன்மேல் கால் ஊன்றி நிற்பது. காலில் மாட்டுகிற ஃபின் மணலைக் கிளப்பும். அந்த மண் பவளத்தின்மேல் உட்கார்ந்தால் அது மூச்சு முட்டிப் போகும். படகு போடுகிற நங்கூரம் ஒரே இழுவையில் பல வருட வளர்ச்சியைப் பெயர்த்துவிடும். மன்னார் வளைகுடாவில் பவளம் பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் ஆழத்துக்குள்ளேயே கிடக்கிறது. கால் எட்டுகிற ஆழம். அந்தமானில் பத்து மீட்டருக்குக் கீழே இருப்பதற்குக் கிடைக்கிற இயற்கைக் காவல் இங்கே கிடையாது.

இனி அளவு. தாய்லாந்தில் பி பி தீவுக்கூட்டத்தில் மாயா பே என்று ஒரு சின்ன வளைகுடா. நாளைக்கு ஐயாயிரம் பேருக்குக் குறையாமல் வந்து இறங்கிய காலம் உண்டு. 2018 ஜூனில் மூடினார்கள். சில மாதம் என்று சொல்லித்தான் மூடியது, திறந்தது 2022 ஜனவரியில். மூடியிருந்தபோது கருமுனைச் சுறாக்கள் கரையோரம் வரைக்கும் திரும்பி வந்துவிட்டன. திறந்தபோது ஒரு நடைக்கு 375 பேர் என்றார்கள். எல்லாரும் அந்த எண்ணைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மற்றது: படகு வளைகுடாவுக்குள் நுழையவே கூடாது, தீவின் பின்பக்கம் இறக்கிவிட்டு நடத்திக் கூட்டி வருவார்கள். முன்பு போல இறங்கி நீந்தவும் முடியாது. வருடா வருடம் ஆகஸ்ட், செப்டம்பரில் மொத்தமாக மூடல். நங்கூரத்தையும் நீச்சலையும் எடுத்துவிட்டால் 375 என்பது 500 ஆனாலும் பவளத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணை மட்டும் 100 ஆக்கினாலும் ஒடிகிறது ஒடியத்தான் செய்யும்.

மலேசியாவில் சிபடான் தீவில் முதலில் விடுதிகளையே 2004-ல் தீவை விட்டு அப்புறப்படுத்தினார்கள். பிறகுதான் நாளைக்கு 120 பேருக்கு அனுமதி என்று வந்தது. பின்னால் கொஞ்சம் கூட்டினார்கள்.

கரீபியனில் பொனேர் தீவில் 1993-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு இடத்தில் வருடத்துக்கு 4,000 முதல் 6,000 முறை வரை ஆள் முங்கினால் பரவாயில்லை, அதைத் தாண்டினால் பவளம் தேய ஆரம்பிக்கிறது என்று கண்டார்கள். ஸ்கூபா உலகில் இந்த எண்ணை ஆளாளுக்கு எடுத்து ஒட்டுவார்கள். பொனேரில் படகு கட்ட மிதவை போட்டிருக்கிறார்கள், நங்கூரம் போடவே கூடாது, முங்குகிறவர்களும் பயிற்சி எடுத்தவர்கள். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து, நீச்சல் தெரியாமல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இறங்குகிற நம்ம குடும்பத்துக்கு வைக்க முடியாதுங்க.

#6 பெருந்துறை கால்குலேட்டர்

அளவு எப்படிப் போடுவார்கள் என்று அண்ணன் கேட்டாரே, அதற்கு ஒரு கணக்கு முறை இருக்கிறது. கோஸ்டாரிகாவில் மிகேல் சிஃபுவென்டெஸ் என்பவர் 1992-ல் வகுத்துக் கொடுத்தது. பல நாட்டுப் பூங்காக்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூன்று படி.

கற்பனையாக ஒரு தீவு எடுத்துக்கொள்வோம், குருசடை இல்லை. கரையோரம் 500 மீட்டர் நடைபாதை. வழிகாட்டியோடு பத்துப் பேர் ஒரு குழு. ஒரு குழுவுக்கும் அடுத்ததற்கும் 100 மீட்டர் இடைவெளி. அப்போது ஒரே நேரத்தில் ஐந்து குழு, 50 பேர். ஒரு சுற்று ஒரு மணி நேரம், திறந்திருப்பது ஆறு மணி நேரம். 50 ஐ ஆறால் பெருக்கினால் 300. இது இடம் மட்டும் வைத்துப் போட்ட அளவு.

அடுத்தது கழிக்க வேண்டியவை. காற்று, அலை காரணமாகப் படகு விட முடியாத நேரம் ஐந்தில் இரண்டு பங்கு என்று வையுங்கள். 0.6 ஆல் பெருக்கணும், 180. பறவை, ஆமை, பவளம் இருக்கிற பகுதியைத் தவிர்க்க இன்னொரு 0.7. 126 ஆகிவிட்டது.

கடைசிப் படி நிர்வாகத் திறன். பத்து ஆள் வேண்டிய இடத்தில் நாலு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் 0.4. மிச்சம் 50.

300-ல் ஆரம்பித்து 50. விகிதத்தில் பெரிய வெட்டு எங்கே விழுந்தது பாருங்கள். காற்று 40 சதவீதம், பறவை பவளம் 30 சதவீதம், ஆள் பற்றாக்குறை மட்டும் 60 சதவீதம்.

#7 நொய்யல்கரை

அப்ப ஆறு பேரை வேலைக்கு எடுத்தால் 126. கடல் அதேதான். கணக்கு அருமை.

#8 பெருந்துறை கால்குலேட்டர்

கிண்டலாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னீங்க. கடைசி எண் ஆபீஸோடது, கடலோடது இல்லை. அதனால்தான் 50 என்று மட்டும் பலகையில் எழுதி வைத்தால் போதாது என்கிறேன். மூன்று எண்ணையும் வெளியே போடட்டும். அடுத்த வருடம் 50 என்பது 200 ஆனால், 126-ஐத் தாண்டிவிட்டார்கள் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

#9 கோபி விலங்கியல் வாத்தியார்

தம்பி கணக்கைத் தெளிவாகப் போட்டார். வாத்தியார் புத்தி, நான் அதில் சிவப்பு மையால் இரண்டு மூன்று இடத்தில் சுழிக்கிறேன்.

அந்த 0.7 எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து வைத்தது. 0.5 என்றும் வைக்கலாம், 0.9 என்றும் வைக்கலாம். இந்தச் சிக்கல் தெரிந்துதான் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ஸ்டாங்கியும் கூட வேலை பார்த்தவர்களும் 1985-லேயே வேறு வழியாக வந்தார்கள். "எத்தனை பேர் வரலாம்" என்று தொடங்காதே, "எவ்வளவு மாற்றம் வரைக்கும் பொறுத்துக்கொள்வோம்" என்று தொடங்கு என்றார்கள். அதாவது பார்க்க வேண்டிய அடையாளங்களை முதலில் குறித்துக்கொள்வது. ஒடிந்து கிடக்கிற பவளம் நூறு சதுர மீட்டருக்கு எத்தனை, தண்ணீர் எவ்வளவு கலங்குகிறது, கரைப் பறவை எத்தனை இறங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கோட்டைத் தொட்டால் ஆளைக் குறை, அல்லது பாதையை மாற்று, அல்லது மூடு. எண் வருடத்துக்கு வருடம் ஏறலாம், இறங்கலாம். ஒரு தடவை போட்ட எண்ணைக் கல்வெட்டில் செதுக்கியது போல வைத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

குருசடை எங்கள் பாடத்தோடு சேர்ந்த தீவு. சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் காலத்திலிருந்து விலங்கியல்காரர்களுக்கு அது திருத்தலம் போல. பலனோகிளாசஸ் என்று மணலுக்குள் வாழ்கிற ஒரு உயிரி, முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையில் நிற்பது, அங்கே கிடைக்கும் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அதற்காகவே கல்லூரி கல்லூரியாகப் போய் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்த காலம் ஒன்று. அப்போது யாரும் தாங்குதிறன், அதாவது ஓரிடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று பேசவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அளவு தவறக்கூடாது. மன்னார் வளைகுடாவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது சுற்றுலா இல்லை. பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. 21 என்று நாம் சொல்வதில் அந்த இரண்டும் சேர்த்தி. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், 2005 வாக்கில்தான் வெட்டு நின்றது. வளர்க்கக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற அயல் பாசி குருசடையில் பவளத்தின்மேல் படர்வதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது பத்தாதென்று 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. இத்தனைக்கும் நடுவில், வருகிற ஆளுக்கு மட்டும் அளவு வைத்துவிட்டுக் கடலைக் காப்பாற்றினோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடிபட்டுக் கிடக்கிற பவளத்துக்கு மேலும் ஒரு மிதி விழாமல் பார்ப்பதுதான் அளவு செய்யக்கூடிய வேலை.

வேன்காரர் தம்பிக்கு இன்னொன்று. மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுக்கிற மாதங்கள் எவை தெரியுமா? ஏப்ரல், மே, ஜூன். தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டி நிற்கிற மாதங்கள். நம்ம பள்ளிக்கூட முழுஆண்டு லீவும் அதே மாதம். பவளம் காய்ச்சலில் கிடக்கிறபோதுதான் நாம் கூட்டமாகப் போய் இறங்குகிறோம். வருடம் முழுக்க நாளைக்கு 100 பேர் என்று சமமாகப் பிரித்த எண்ணில் இது தெரியவே தெரியாது.

#10 ஈரோடு வேன்காரர்

ஐயா, அப்படின்னா ஜனவரி, பிப்ரவரியில் கூட்டிப் போகலாம்ங்களா? கடலும் அப்போது அமைதியாக இருக்கும் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள்.

#11 கோபி விலங்கியல் வாத்தியார்

பவளத்துக்கு அது நல்ல மாதம். ஆனால் வடக்கேயிருந்து வருகிற கரைப் பறவைகள் அப்போதுதான் மனோலி, முயல் தீவுப் பக்கம் தங்கி இரை எடுக்கும். ஆக, எல்லா உயிருக்கும் தோதான மாதம் என்று ஒன்று கிடையாது. மாதம் பார்த்து இடத்தை மாற்றணும். பறவை இறங்குகிற சேற்றுத் திட்டை விட்டுவிட்டு வேறு பாதை, வெயில் மாதத்தில் தண்ணீரில் இறங்காமல் கரை நடை மட்டும், இப்படி.

#12 பொள்ளாச்சி முத்துக்குளிப்பான்

இதற்கு அந்தமானில் ஒரு ஏற்பாடு உண்டு ஐயா. வண்டூரில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா, 1983-ல் வந்தது. ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்று இரண்டு தீவு. ஒன்று திறந்திருக்கிற பருவத்தில் மற்றது மூடியிருக்கும். நம்ம பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் மண்டலம் மாதிரி, இந்த மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டால் அடுத்தது காத்திருக்கணும். ஏறுவதற்கு முன்னால் பையைத் திறந்து பிளாஸ்டிக் பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பக் காட்டினால் பணம் தருவார்கள். இந்தச் சின்ன வேலைதான் அங்கே உண்மையில் வேலை செய்தது. வரம்பு பற்றிப் பெரிய பெரிய அறிக்கைகள் எழுதுகிறவர்கள் பாட்டில் முன்பணத்தை எழுத மாட்டார்கள்.

#13 பாம்பன் டு திருப்பூர்

ரெண்டு நாளா படிச்சுக்கிட்டு இருக்கேன், இப்பத்தான் எழுதத் தோணுச்சு. நான் பாம்பன்காரன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் ஊரில் இருந்து இங்கே வந்தவர்கள் ஒரு தெருவே இருக்கிறோம்.

அண்ணே, நீங்கள் எல்லாரும் வருகிற ஆளுக்கு அளவு பேசுகிறீர்கள். அங்கேயே இருக்கிற ஆளுக்கு என்ன அளவு வைத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் முங்கிப் பாசி எடுத்தவர்கள். 1986-ல் பூங்கா வந்தது. அதற்குப் பிறகு தீவுப் பக்கம் போனாலே வழக்கு, அபராதம், பறிமுதல். அவர்களே கூடிப் பேசி மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். உலோகக் கருவி வைத்துச் சுரண்டக்கூடாது என்றும் வைத்தார்கள். எந்த ஐ.ஐ.டி.யும் வந்து கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015-ல், தீவுகளைக் காக்கிறவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். அதே போல விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கடலுக்கு ஓய்வு கொடுக்கணும் என்று நாங்கள் வலையைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற அதே மாதம், சுற்றுலாப் படகு மட்டும் ஓடும் என்றால் எங்கள் ஆட்களுக்கு எப்படி இருக்கும்?

சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. வரணும். படகு ஓட்டுவது, வழி காட்டுவது, சாப்பாடு போடுவது இந்த வேலையெல்லாம் பாசி எடுத்த வீட்டுக்கும் கிடைக்கணும். கடலுக்குள் எங்கே பவளம் புதுசாகத் துளிர்க்குது, எங்கே செத்துக் கிடக்குது என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள். வாத்தியாரையா சொன்னாரே அடையாளம் பார்ப்பது என்று, அதைப் பார்க்க அவர்களைவிட யார் இருக்கிறார்கள்? தினமும் தண்ணீருக்குள் தலை வைத்தவர்கள்.

எங்கள் பக்கத்திலேயே காரங்காட்டில் கிராமத்து ஆட்கள்தான் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், வனத்துறையோடு சேர்ந்து. அது நன்றாகப் போகுது.

#14 மேட்டுப்பாளையம் பேக்கரி

தம்பி சொன்னது மனசில் தைக்குது. எங்கள் பக்கம் பரளிக்காட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல், மத்தியானம் ஊர் மக்கள் சமைத்த சாப்பாடு. முன்கூட்டியே பதிவு பண்ணிவிட்டுத்தான் போகணும், சும்மா போய் நின்றால் இடம் கிடையாது. அதனால் அங்கே யாரும் "அளவு வைத்துவிட்டார்கள்" என்று கொடி பிடிப்பதில்லை. பரிசல் இத்தனை, சமைக்கிற பானை இத்தனை, அவ்வளவு பேர்தான் வர முடியும்.

#15 அவிநாசி அம்மா

ஒரு விஷயம் கேட்கட்டுமா? அளவு வைத்தால் யாருக்குக் கிடைக்கும்? ஊட்டி இ-பாஸ் கூட என் மகன் போனில் எடுத்துத் தந்தான், எனக்குத் தெரியாது. தீவுக்கு ஐம்பது சீட்டு என்றால், காலையில் ஆறு மணிக்கு இணையத்தில் திறந்ததும் ஏஜென்ட் ஐம்பதையும் போட்டு வைத்துக்கொண்டு விலையேற்றி விற்பான். இல்லாவிட்டால் அரசே கட்டணத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைக்கும். அப்போது பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குகிற குடும்பம் தீவைப் பார்க்கவே முடியாது. கார் வைத்திருக்கிறவர்கள் மட்டும் போய் "இயற்கை, இயற்கை" என்று வந்து சொல்வார்கள்.

#16 பொள்ளாச்சி முத்துக்குளிப்பான்

அக்கா, நியாயமான கேள்வி. கட்டணத்தை ஏற்றுவது உலகம் முழுக்க நடக்கிறது. காலபகோஸ் தீவுகளுக்கு வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம் 100 டாலராக இருந்ததை 2024 ஆகஸ்டில் 200 ஆக்கினார்கள். அங்கே கட்டணத்தை மட்டும் நம்பவில்லை, ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது என்றும் குறித்த இடத்தில் மட்டும் இறங்கணும் என்றும் வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் கொமோடோ பூங்காவுக்கு 2022-ல் ஒரேயடியாக 37.5 லட்சம் ரூபியா என்றார்கள். உள்ளூர்ப் படகுக்காரர், வழிகாட்டிகள் எல்லாம் வேலைநிறுத்தம் செய்து, கடைசியில் கைவிட்டார்கள்.

கட்டணம் இல்லாமல் வெறும் முன்பதிவில் ஓட்டுகிற இடமும் உண்டு. பிரான்சில் மார்செய் பக்கம் சுகிதோன் என்ற கடற்கரைப் பள்ளத்தில் கோடையில் நாளைக்கு 2,500 பேர் வரை இறங்கி, சரிவு மண்ணே அரித்துப் போனது. 2022 முதல் கோடையில் நாளைக்கு 400 பேர், பதிவு இலவசம், பெயருக்குத்தான் சீட்டு. ஏஜென்ட் வாங்கி வைத்தாலும் விற்க முடியாது.

#17 அவிநாசி அம்மா

பெயருக்குச் சீட்டு, இலவசம். இது பிடித்திருக்கு. அதோடு வார நாளில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கணும். கொடுமுடி, காங்கேயம் பக்கத்துப் பிள்ளை கடலையே பார்க்காமல் பத்தாம் வகுப்பில் பவளப்பாறை படம் வரைகிறது.

#18 நொய்யல்கரை

அம்மா சொன்னதற்குக் கை தட்டல். கிண்டல் இல்லை.

#19 பெருந்துறை கால்குலேட்டர்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் இன்னொரு லாபமும் உண்டு. லீவு மாதத்தில் குவிகிற கூட்டம் ஜூலை, ஆகஸ்டுக்குப் போகும்...

#20 பாம்பன் டு திருப்பூர்

ஜூலை, ஆகஸ்டில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும் அண்ணே. மன்னார்க் கடலில் அப்போது பிள்ளைகளைப் படகில் ஏற்றவே கூடாது. அந்த மாசத்தில் காரங்காட்டுப் பக்கம், பாக் நீரிணையில் கூட்டிட்டுப் போகலாம், அங்கே காற்று அவ்வளவாகத் தெரியாது. வாடை அடிக்கிற மாசத்தில் இது தலைகீழ்.

#21 பெருந்துறை கால்குலேட்டர்

இதைத்தான் 0.6 என்று ஒரே எண்ணில் போட்டேன். நீங்கள் மாதவாரியாகச் சொல்லிவிட்டீர்கள். சூத்திரத்தில் உங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரு அட்டவணை சேர்க்கணும்.

#22 ஈரோடு வேன்காரர்

எல்லாருக்கும் நன்றிங்க. படித்ததில் என் தொழிலுக்கு நான் எடுத்துக்கொள்வது இது. ஏப்ரல், மே பயணத்தில் தீவை அட்டவணையில் போடப் போவதில்லை. கேட்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்வேன். தை, மாசியில் மட்டும் தீவு, அதுவும் பதிவு உறுதியானவர்களுக்குத்தான். கூட்டம் மிஞ்சினால் மிச்சம் பேருக்குப் பிரப்பன்வலசை கடற்கரை. வேனில் ஏறும்போதே பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கேன் தண்ணீர் வைத்துவிடுகிறேன். முன்பண யோசனையும் நல்லா இருக்கு, ஆனால் எங்க ஊர்க்காரர்களிடம் முன்பணம் வாங்கிப் பாருங்கள் தெரியும்.

அளவு வந்தால் வரட்டும். ஒரு மாதம் முன்னால் தெரிந்தால் போதும், நான் சமாளித்துக்கொள்வேன். வாசலில் போய் நின்ற பிறகு "இன்றைக்கு முடிந்தது" என்பதுதான் எங்களைக் கொல்வது.

தை கடைசியில் ஒரு வண்டி கிளம்புது, ஆறு இருக்கை காலி. விருப்பம் உள்ளவர்கள்...

#23 மட்டுறுத்துநர்

விளம்பரம் "பயணத் துணை" பகுதியில் போடுங்க அண்ணா. மற்றபடி பேச்சு தொடரட்டும்.

#24 அவிநாசி அம்மா

அந்த ஆறில் இரண்டு எனக்கும் என் பேத்திக்கும். அங்கே வந்தே கேட்கிறேன்.

#25 பாம்பன் டு திருப்பூர்

பேத்திக்கு நீச்சல் தெரியலன்னா தண்ணீரில் இறக்காதீங்கம்மா. கரையோரப் பாறைக் குழியில் நண்டும் சின்ன மீனும் கிடக்கும், அதைக் காட்டுங்க. கல்லைப் புரட்டிப் பார்த்தால் இருந்தபடியே திருப்பி வைக்கச் சொல்லுங்க, அடியில் முட்டை ஒட்டியிருக்கும்.